முள்தலைப் புழு

செத்த வாத்தின் வயிற்றைக் கீறியதும் குடல் முழுக்க ஆரஞ்சு நிறப் புழுக்கள் அப்பிக்கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி அளவுதான். தலையில் வரிசை வரிசையாகக் கொக்கிபோல் வளைந்த முட்கள். அந்த முட்களைக் குடல்சுவரில் குத்தி உடம்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாத்து தின்பதையெல்லாம் உறிஞ்சி வாழும் பிராணி. ஜெசிந்தா இடுக்கியால் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தபோது குடலின் ஒரு துணுக்கும் சேர்ந்து வந்தது.

“இதுலயும் அதேதான்” என்றாள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்த தணிகைவேல் மூக்கைச் சுளித்தான். “இத்தனை முள்ளு வயித்துல ஏறினா யானையே செத்துப்போகும்.”

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, காட்டுப் பறவைகளின் வயிற்றுப் புழுக்களை ஆராயப் போனவள். தணிகைவேல் அவளோடு ஒரே கல்லூரியில் படித்து, பிறகு மரபணு வேலைக்குத் திரும்பியவன். இருவரையும் நெடுங்கழிக்கு வரவழைத்தவை இந்த வாத்துகள்தான்.

நெடுங்கழி கிழக்குக் கடற்கரையில் ஒரு நீண்ட காயல். தென்கரையில் தோணித்துறை என்கிற மீனவர் ஊர். வடகரையில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை. ஊர்கள் முழுக்க மின்வண்டிகளுக்கு மாறிய பிறகும் பழைய பேட்டரிகள் வந்துகொண்டேயிருந்தன. குளிர்காலம் தொடங்கினால் மத்திய ஆசியாவின் ஏரிகளிலிருந்து குடுமி வைத்த முக்குளி வாத்துகள் இங்கே வந்து இறங்கும். மற்ற வாத்துகளைப்போல மேலோட்டமாக மேயாமல், அடிச்சேறு வரை மூழ்கி நத்தையும், இறால்போன்ற சின்னஞ்சிறு கூனிப்பூச்சியும் தின்னும். முன்பெல்லாம் அவை இறங்கினால் தண்ணீர் கறுத்துத் தெரியும் என்பார்கள். இப்போது கரையில் நின்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கரையொதுங்கிய ஒவ்வொரு வாத்தின் குடலிலும் முள்தலைப் புழு இருந்தது. காரணம் இதுதான் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தார்கள். ஜெசிந்தாவும்தான்.

புழுவின் குஞ்சு சேற்றில் இருக்கும் கூனிப்பூச்சியின் உடம்பில் வளர்கிறது. அந்தப் பூச்சியை வாத்து விழுங்கும்போது குடலுக்குள் குடியேறுகிறது. தணிகைவேல் ஆய்வகத்தில் ஒரு பாக்டீரியாவைத் திருத்தி எடுத்திருந்தான். அது கூனிப்பூச்சிக்குள் வாழும். பூச்சியை ஒன்றும் செய்யாது. உள்ளே வரும் புழுக்குஞ்சை மட்டும் கொல்லும். தாய்ப்பூச்சியிடமிருந்து குட்டிக்குத் தானாகவே போகும்.

“ஒரே தடவை விட்டாப் போதும் ஜெசி. தண்ணில மருந்து கலக்க வேண்டாம், பறவையைப் பிடிச்சு ஊசி போட வேண்டாம். ரெண்டு மூணு பருவத்துல கழியில புழுவே இருக்காது.”

“விட்டபிறகு வேண்டாம்னு தோணினா?”

“திரும்ப எடுக்க முடியாது. ஆனா யாருக்குத் தோணப்போகுது? புழு போச்சேன்னு உட்கார்ந்து அழப்போறது யாரு?”

அவள் சிரித்துவிட்டாள். ஆலை நிர்வாகம் தன் அறக்கட்டளை மூலம் செலவை ஏற்றுக்கொண்டது. மழை ஓய்ந்த ஒரு காலையில், பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க, பாக்டீரியா ஏறிய கூனிப்பூச்சிகளை வாளி வாளியாகக் கழியில் கொட்டினார்கள்.

அதற்கடுத்த இரண்டாவது குளிர்காலத்தில் பிடித்துப் பார்த்த வாத்துகளின் எச்சத்தில் ஒரு புழுமுட்டைகூட இல்லை. தணிகைவேலுக்கு விருது கிடைத்தது. வாத்துகள் கொழுத்துப் பளபளவென்று இருந்தன. தை பிறந்ததும் அவை சாகத் தொடங்கின.

முதலில் சொன்னவள் வேம்பு. தோணித்துறைக்காரி, சேற்றில் கைவிட்டு நண்டு பிடிப்பது அவள் தொழில். ஜெசிந்தாவுக்குப் படகு தள்ளவும் அவளே வருவாள். எப்போதும் படகின் முனையில் அவள் மகள் பூவிழி உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்குப் போகும் வயது வந்தும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வராத குழந்தை.

“டாக்டரம்மா, மேட்டுப்பக்கம் வாத்துங்க எந்திரிக்கவே மாட்டேங்குதுங்க. கிட்டப் போனாக்கூடப் பறக்கல. றெக்கை ரெண்டும் தொங்கிப்போயி, கூரை கவிழ்த்தமாதிரி கெடக்குதுங்க.”

போய்ப் பார்த்தபோது திட்டு முழுக்கப் பறவைகள். சில கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீரில் அலகு புதைத்துக் கிடந்தன. வால்புறமெல்லாம் பச்சைக் கழிச்சல். ஜெசிந்தா ஒன்றை அங்கேயே அறுத்துப் பார்த்தாள். குடல் கழுவிவிட்டதுபோலச் சுத்தமாக இருந்தது. இந்த அறிகுறிகளை அவள் பாடத்தில் படித்திருக்கிறாள். ஈயம்.

ஈரல்கள் அனைத்திலும் அளவு எகிறியிருந்தது. ஆனால் கழித்தண்ணீரில் ஈயம் இப்போது புதிதாகக் கூடவில்லை. பல வருடங்களாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் முந்தைய வாத்துகள் எப்படித் தாங்கின? இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தவள், சாராயத்தில் போட்டு வைத்திருந்த பழைய புழுக்களை எடுத்துக் கரைத்துச் சோதித்தாள். முடிவைப் பார்த்துவிட்டுக் கருவியில் கோளாறு என்று நினைத்து மறுபடியும் செய்தாள். பிறகு தணிகைவேலைக் கூப்பிட்டாள்.

“உட்காரு. புழுவுக்குள்ள எவ்வளவு ஈயம் இருக்குன்னு பாரு. அது இருந்த வாத்தோட சதையில இருக்கறதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல.”

“அது எப்படி?”

“உடம்புக்குள்ள ஈயம் போனா ஈரல் அதைப் பித்தத்தோட சேர்த்துக் குடலுக்கு அனுப்பும். வெளிய தள்ளப் பார்க்கும். ஆனா குடல் அதையே திரும்ப உறிஞ்சிடும். இப்படியே சுத்திச் சுத்தி வரும். நடுவுல இந்தப் புழு உட்கார்ந்துக்கிட்டு, வர்றதையெல்லாம் குடிச்சிட்டு இருந்திருக்கு. புழு செத்து எச்சத்தோட விழும்போது ஈயமும் சேர்ந்து வெளிய போயிடும்.”

தணிகைவேல் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப புழுதான் இதுங்களைக் காப்பாத்தி வச்சிருந்துதா?”

“முழுசா காப்பாத்தல. உயிரோட வச்சிருந்துது. நாம அதையும் பிடுங்கிட்டோம்.”

அந்தக் குளிர்காலம் முடியும்போது, வந்த வாத்துகளில் பாதிகூடத் திரும்பிப் பறக்கவில்லை.

வேம்பு செத்த பறவைகளைச் சாக்கில் அள்ளிப் படகில் ஏற்ற உதவினாள். ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். “இதுங்களுக்கு வந்தது என்ன சீக்குன்னு சொன்னீங்க?”

“சீக்கு இல்ல. ஈயம். தண்ணியில, சேத்துல, நண்டுல எல்லாத்துலயும் இருக்கு.”

“நாங்களும் அந்த நண்டைத்தானே திங்கறோம்?”

ஜெசிந்தா படகின் முனையில் உட்கார்ந்திருந்த பூவிழியைப் பார்த்தாள். கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாள். ஈறின் ஓரத்தில் மையால் கோடு இழுத்ததுபோல நீலக்கறுப்பாக ஒரு வரி ஓடியது, ஈயம் ஏறிய உடம்பின் அடையாளம். இத்தனை காலமும் கூடவே இருந்த குழந்தை. வாத்தின் குடலைப் பார்த்த கண்ணால் இந்தக் குழந்தையின் வாயை ஒரு தடவையாவது பார்த்திருக்கலாம்.

மாவட்ட மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்தவர்கள் பூவிழியை உடனே சேர்த்துக்கொண்டார்கள். ஈயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்து ஏற்றினார்கள். அளவு இறங்கியது. வீட்டுக்குத் திரும்பி அதே குழாய்த் தண்ணீரையும் அதே மீனையும் சாப்பிட்டதும் மறுபடி ஏறியது. ஊரில் மற்ற குழந்தைகளைச் சோதித்தபோதும் அதே கதைதான்.

ஆலையை மூட வேண்டும், கழியைத் தூர்வாரிச் சுத்தப்படுத்த வேண்டும் என்று ஜெசிந்தா மனு கொடுத்தாள். ஊரில் அவளுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. மீன் குறைந்துபோன பிறகு தோணித்துறையில் பாதி வீடுகளின் அடுப்பு ஆலைச் சம்பளத்தில்தான் எரிந்தது. வேம்பின் கணவன் கோதண்டம் உலையில் வேலை பார்த்தான்.

“மூடிட்டா நாங்க எங்க போறது?” என்று அவன் வாசலில் நின்றபடியே கேட்டான். “வாத்துக்கு ஒண்ணுன்னா ஊரே வருது. எங்களுக்கு வேலை போனா நீங்க வருவீங்களா?”



தணிகைவேல் வேறொரு பாதையில் போயிருந்தான். வேறு ஏரிகளில் அந்தப் புழு இன்னும் இருந்தது. அதைக் கொண்டுவந்து, தன் பாக்டீரியாவால் சாகாத மாதிரி திருத்தினான். வாத்துகளுக்கு அதைத் திருப்பிக் கொடுக்க. அத்தோடு நிறுத்தவில்லை. இன்னொரு வகையையும் உருவாக்கியிருந்தான். முள் மழுங்கியது. முட்டை போடாதது. மனிதக் குடலில் சில மாதங்கள் ஒட்டியிருந்துவிட்டுத் தானாக உதிர்ந்து போவது.

“ஜெசி, திட்டாதே. முதல்ல கேளு.”

“மனுசனுக்குப் புழு கொடுக்கப்போறியா?”

“வாத்துக்கு வேலை செஞ்சது மனுசனுக்கும் செய்யும். மருந்து ஏத்தினா அன்னைக்கு மட்டும்தான். இது உள்ளயே இருந்து தினமும் குடிக்கும்.”

“அது தண்ணியைச் சுத்தமாக்குமா?”

“தண்ணி சுத்தமாகறவரைக்கும் அந்தப் புள்ளைங்க காத்திருக்குமா?”

அனுமதி கேட்டு எழுதினார்கள். மேலிடத்திலிருந்து கேள்விமேல் கேள்வி வந்ததே தவிர அனுமதி வரவில்லை. ஜெசிந்தா தணிகைவேலைத் தவிர யாரிடமும் சொல்லாமல், ஒரு குப்பிப் புழுக்குஞ்சைத் தானே விழுங்கினாள். சில நாட்கள் வயிற்றைப் பிசைந்தது. அவ்வளவுதான். இத்தனை வருடம் கழியோரம் வாழ்ந்ததில் அவள் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. சில மாதம் கழித்து உதிர்ந்து விழுந்த புழுக்களைச் சோதித்தபோது அவை ஈயத்தால் கனத்திருந்தன. ரத்தத்தில் அளவு இறங்கியிருந்தது.

அந்த வாரமே பூவிழிக்கு வலிப்பு வந்தது. வேம்பு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கே ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஜெசிந்தா குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வேம்பு அவள் கையைப் பிடித்தாள்.

“நீங்க எதையோ முழுங்கினீங்களாமே. தணிகை சார் சொன்னாரு. அதை இவளுக்குக் குடுங்க.”

“அது இன்னும் சோதனையில இருக்கு வேம்பு. என்ன ஆகும்னு எனக்கே முழுசாத் தெரியாது.”

“குடுக்கலேன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?”

ஜெசிந்தா கொடுத்தாள்.

மழைக்காலம் வருவதற்குள் பூவிழியின் ஈறிலிருந்த கோடு வெளுத்தது. பிறகு ஒருநாள் படகில் போகும்போது குழந்தை தண்ணீரைக் காட்டி, “அம்மா, நண்டு ஓடுது” என்றாள். வேம்பு துடுப்பைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். படகு தன்பாட்டுக்குச் சுற்றியது. ஜெசிந்தாவும் அழுதாள்.

சேதி ஊரில் பரவியது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறைக்க முடியாமல் போனபோது தணிகைவேல் எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னான். தண்டனை வரும் என்று எதிர்பார்த்தார்கள். விசாரித்துப் பார்த்த மருத்துவக் குழு குழந்தைகளின் ரத்த அளவைக் கண்டு வியந்து, மேற்பார்வையோடு தொடர அனுமதித்தது. ஆலை நிர்வாகம் புழுக்குப்பிகளைத் தன் செலவில் வழங்க முன்வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு குப்பி. ஊருக்கு முழுதும் இலவசம்.

இதற்கிடையில் ஜெசிந்தாவின் மனு, அரசு அமைத்த விசாரணைக் குழுவின் முன் வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். ஆலையின் வழக்கறிஞர் எழுந்து, ஜெசிந்தாவின் ஆய்வைப் பத்து நிமிடம் புகழ்ந்தார். பிறகு மனுதாரரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார்.

“தோணித்துறைக் குழந்தைகளின் ரத்தத்தில் இப்போது ஈயம் அபாய அளவுக்கு மேல் இருக்கிறதா?”

“புழு இருக்கிறவரைக்கும் இல்லை. ஆனால் தண்ணீரில்…”

“தண்ணீரைப் பற்றிப் பிறகு பேசலாம். குழந்தைகள் நலமா?”

ஜெசிந்தா பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். வேம்பும் கோதண்டமும் இன்னும் பலரும் ஆலை அனுப்பிய பேருந்தில் வந்து, நலமாக இருப்பதாகக் குழுவிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேம்பின் மடியில் பூவிழி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். வேம்பு அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“நலமாக இருக்கிறார்கள்” என்றாள் ஜெசிந்தா.

“நன்றி. தீங்கு என்று காட்ட ஒருவரும் இல்லாதபோது ஆலையை ஏன் மூட வேண்டும் என்பதுதான் எங்கள் கேள்வி.”

மனு தள்ளுபடியானது. அடுத்த ஆண்டு, கழியில் கலக்கும் ஈயத்துக்கான உச்சவரம்பு உயர்த்தப்பட்டது. புழுத் திட்டம் நடைமுறையில் உள்ள பகுதி என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. வடகரையில் இரண்டாவது உலைக்கு அஸ்திவாரம் தோண்டினார்கள்.

தணிகைவேல் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “புள்ளைங்க பிழைச்சிருக்கு. வாத்துக்கும் புழுவைத் திருப்பிக் கொடுத்தாச்சு, இந்தக் குளிருக்கு ஒண்ணுகூடச் சாகல. வேற என்ன வேணும் உனக்கு?”

அவன் சொன்னது உண்மைதான். அந்த முறை வந்த வாத்துகள் எல்லாம் கொழுத்து, மாசி முடிவில் கூட்டமாக எழும்பி வடக்கே போயின. ஜெசிந்தா கரையில் நின்று அவை மறைகிறவரை பார்த்தாள். மனசு மட்டும் நிலைகொள்ளவில்லை.

கோடையில் கஜகஸ்தானிலிருந்து ஐகுல் அழைத்தாள். அந்த வாத்துகள் கூடுகட்டும் ஏரிகளில் பல வருடமாக வேலை செய்யும் ஆய்வாளர். திரையில் அவளுக்குப் பின்னால் நாணல் காடு அசைந்தது.

“உங்கள் பறவைகள் நல்லபடியாக வந்து சேர்ந்தன” என்றாள். “காலில் நீங்கள் மாட்டிய வளையம் இருந்ததால் அடையாளம் தெரிந்தது. கூடு கட்டின. முட்டையிட்டன. அடைகாத்தன. ஆனால் பொரிக்கவில்லை ஜெசிந்தா. நாள் கடந்தும் தாய்ப்பறவை கூமுட்டை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. உடைத்துப் பார்த்தேன். பாதியில் நின்றுபோன கரு. ஓட்டிலும் உள்ளேயும் ஈயம்.”

“இந்த வருடம் மட்டுமா?”

“இல்லை. உங்கள் கழிக்குப் போய்வருகிற கூட்டத்தில் முன்பிருந்தே பொரிப்பு குறைவு. குளிர் அதிகம் என்று நினைத்தோம். நரி தின்கிறது என்று நினைத்தோம். முட்டையை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.”

அழைப்பு முடிந்ததும் ஜெசிந்தா தணிகைவேலுக்குப் பேசினாள்.

“புழு குடல்ல வர்றதைத்தான் குடிக்கும் தணிகை. எலும்புல ஏற்கெனவே படிஞ்சு கெடக்கறதை அதால தொட முடியாது. முட்டையோட ஓடு உருவாகறதுக்கு வாத்து தன் எலும்பையே கரைச்சுச் சுண்ணாம்பு எடுக்கும். அதோட ஈயமும் இறங்கிடுது.”

“அப்ப ஆரம்பத்துலேர்ந்து வாத்து குறைஞ்சதுக்கு…”

“புழு காரணமில்ல. இங்க கரையொதுங்கின அந்த நாலு சாவும் காரணமில்ல. அங்க குஞ்சே பொரியல. நாம எண்ணினதெல்லாம் வயசான பறவைங்க.”

“ஜெசி…” என்றான். குரல் மாறியிருந்தது. “மனுசங்களுக்கும் எலும்புலேர்ந்துதானே…”

“ஆமா.”

வாசலுக்கு வந்தபோதுதான் அன்று தோணித்துறையில் குப்பி கொடுக்கும் நாள் என்பது நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினாள்.

மீன் ஏலக்கொட்டகையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஆலையின் பெயர் போட்ட சட்டையணிந்த இருவர் குப்பிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேம்பு அவளைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“உங்களைத் தேடித்தான் வரணும்னு இருந்தேன் டாக்டரம்மா. நான் மாசமா இருக்கேன்.” வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். “பூவிழிக்கு அப்புறம் நிக்கவே இல்ல. ரெண்டு தடவை கலைஞ்சுபோச்சு. இப்பதான்… இந்தக் குப்பியை நான் போட்டுக்கலாம்ல? உள்ள இருக்கறதுக்கும் சேத்துப் புழு பாத்துக்கும்ல?”

ஜெசிந்தா அவளைக் கொட்டகையின் ஓரத்துக்கு அழைத்துப்போய்க் கவிழ்த்துப் போட்டிருந்த கூடை மேல் உட்காரவைத்தாள். தானும் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். இத்தனை வருடம் தின்ற ஈயம் எலும்பில் இருக்கிறது என்றும், பிள்ளைக்கு எலும்பு வளர உடம்பு அங்கிருந்துதான் எடுத்துக் கொடுக்கும் என்றும், அந்த இடத்துக்குப் புழுவால் போக முடியாது என்றும்.

“கால்சியம் மாத்திரை தர்றேன். கொஞ்சம் குறையும். முழுசா நிறுத்த எங்கிட்ட ஒண்ணும் இல்ல வேம்பு.”

வேம்பு வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

“பூவிழி உள்ள இருந்தப்பவே அவளுக்குப் போயிருக்கு. அப்படித்தானே?”

“ஆமா.”

“அந்த ரெண்டு கலைஞ்சதும்?”

ஆம் என்பதுபோல ஜெசிந்தா தலையசைத்தாள்.

“அன்னைக்கு அந்த ஜட்ஜ் ஐயாகிட்ட எல்லாரும் நல்லாருக்கோம்னு நாங்க பஸ் ஏறி வந்து சொன்னோம்.” குரலில் கோபம் இல்லை. “நீங்களும் சொன்னீங்க.”

“சொன்னேன்.”

வேம்பு எழுந்தாள். வரிசைக்குப் போனாள். அவள் கர்ப்பிணி என்று தெரிந்துகொண்ட பெண்கள் முன்னால் இடம் விட்டார்கள். அவள் அதில் நிற்கவில்லை. குப்பி கொடுக்கும் மேசைக்கு முன்னால் போய், அதற்கு முதுகு காட்டி, பெண்களைப் பார்த்து நின்றாள். மேசையிலிருந்தவன், “யம்மா, நகருங்க, வரிசை நிக்குது” என்றான். அவள் காதில் வாங்கவில்லை.

“இங்க யார் யாரு மாசமா இருக்கீங்க?” என்று உரக்கக் கேட்டாள். “யார் யாருக்குக் கலைஞ்சிருக்கு?”

ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு வரிசையின் கடைசியில், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்த மாமியாரை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளையே வெறித்துப் பார்த்த மாமியாரும், சற்றுப் பொறுத்து, தன் கையைத் தூக்கினாள்.